சட்டையில் எண் மட்டும் ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாடுவதற்கே பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாமே? படிக்கப் போன இடத்தில் இது சரியா?
– வாசகி, கும்பகோணம்

சரிதான் என்பேன். 2012இல் ஒஹையோவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துப் பல்கலைக்கழகக் கடையில் அவர்களுடைய ஃபுட்பால் அணியின் சட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். (அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் ஆட்டம்.) விலை எழுபது டாலர். முதுகில் எண் மட்டும் பெரிதாக இருந்தது, பெயர் இல்லை. "இது யாருடைய எண்?" என்று கல்லாவில் இருந்த பையனிடம் கேட்டேன். யோசிக்காமல் பெயரைச் சொன்னான். அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பெயர். ஆனால் அந்தச் சட்டை எத்தனை விற்றாலும் அந்த ஆட்டக்காரனுக்கு ஒரு காசு வராது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அப்போது அப்படி. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, அவ்வளவுதான். அதற்கு மேல் கைநீட்டி வாங்கினால் ஆட முடியாது. காசுக்காக ஆடாத 'அமெச்சூர்' தூய்மை என்று அதற்குப் பெயர்.

அதே அமைப்பு 2010இல் மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் மிக அதிகமாக வாங்குபவர் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர்தான். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குக் கோப்பை வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கப் போவதாகச் சொன்னார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான், அதே ஏப்ரலில், சாப்பாட்டுக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள்.

'மாணவ விளையாட்டு வீரர்' என்று அழகாகச் சொல்கிறார்களே, அந்தச் சொல் வந்த கதையைக் கேளுங்கள். 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஃபுட்பால் ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவருக்குரிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஆட்டக்காரர்களை ஊழியர்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அந்தச் சொல்லை உண்டாக்கிப் புழக்கத்தில் விட்டோம் என்று, என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாக இயக்குநராக 36 வருடம் இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார்.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்த அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க வழி திறந்தது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி, ஒரு கல்லூரி முதல் வருடத்தில் (2025-26) 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்று ஆனது. முன்பு ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக சுமார் 280 கோடி டாலர்.

படிப்பு கெடாதா என்கிறீர்கள். பயிற்சி, பயணம் என்று படிப்பு எப்போதோ கெட்டாயிற்று. காசு தராத காலத்திலேயே. என் கவலை வேறு. இந்தப் பங்கு பெரும்பாலும் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சலுக்கும் டென்னிசுக்கும் கல்லூரிகள் கையைச் சுருக்கிவிடக் கூடாது.

கேள்வி: என் அக்கா மகன் அங்கே ஸ்காலர்ஷிப்பில் டென்னிஸ் ஆடுகிறான். அவனும் விளம்பரத்தில் சம்பாதிக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

அவசரப்பட வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் வேலை செய்யக் கடுமையான வரம்பு உண்டு. விளம்பரத்தில் நடிப்பதும் வேலையாகக் கருதப்படலாம். காங்கோவில் பிறந்த ஆஸ்கர் ஷீப்வே கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் நட்சத்திரமாக இருந்தும், 2022இல் அணி அமெரிக்காவுக்கு வெளியே பஹாமாஸ் தீவுகளுக்குப் போனபோதுதான் விளம்பர வேலைகள் பலவற்றைச் செய்து முடித்தார். உங்கள் பையனை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். விசா போனால் ஸ்காலர்ஷிப்பும் போய்விடும்.