ஆர்டர் குவிந்து கிடந்தும் விமான இன்ஜின் தயாரிப்பை ஏன் சட்டென்று கூட்ட முடியவில்லை? நம் ஊர்ப் பட்டறைகள் இதில் இறங்கலாமா?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சி.என்.சி. (கணினி புரோகிராமில் உலோகம் கடையும் மெஷின்) பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறேன். நாங்கள் செய்வதெல்லாம் பம்ப், வால்வு உதிரிபாகங்கள்தான்.

ஆர்டருக்குக் குறைவில்லை என்பது உண்மை. ஆனாலும் சி.எஃப்.எம். என்ற விமான இன்ஜின் நிறுவனம் 2023இல் லீப் என்ற தன் மாடலில் 1,570 இன்ஜின்கள் கொடுத்தது, 2024இல் 1,407தான் முடிந்தது. அதுவும் கூட்டுவதாகத் திட்டம் போட்டிருந்த வருடம்!

ஒரு முறை எங்களிடமே விமானப் பாகம் ஒன்றுக்கு விலை கேட்டு வந்தது. இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையில் ஒரு வளையம். டிராயிங் ஒரே தாள், கூடவே வந்த நிபந்தனைகள் ஒரு கட்டு. இன்கோனல் கடைசலுக்கு அடங்காத உலோகம். சூடு டூல் முனையிலேயே தங்கும், உரசிய இடம் இன்னும் கெட்டியாகும், இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) சீக்கிரம் மழுங்கும். சரி, அதைப் பழகிக்கொள்ளலாம். முதல் பீஸ் அங்கீகாரம் ஆன பிறகு மெஷின், புரோகிராம், இன்சர்ட், வேலை வரிசை எதையும் கேட்காமல் மாற்றக்கூடாது என்பதுதான் இடித்தது. இங்கே இன்சர்ட் தீர்ந்தால் பையனை வண்டியில் அனுப்பி, கிடைத்ததை வாங்கிப் போட்டு ஷிஃப்டை ஓட்டிவிடுவோம். அங்கே அந்தப் பேச்சே கிடையாது. இன்னொரு மெஷின் இறக்கினாலும் அதையும் முதலிலிருந்து நிரூபித்துக் காட்டணும்.

இன்ஜினுக்குள் சூடான வாயுவில் சுழலும் டர்பைன் பிளேடு இதைவிடக் கஷ்டம். மெழுகில் உரு எடுத்து, மேலே பீங்கான் ஓடு கட்டி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, வெற்றிட உலையில் நிக்கல் கலவையை ஊற்றுவார்கள். முழு பிளேடும் ஒரே படிகமாக உறைய வேண்டும் என்பதால் அச்சை மெதுவாகத்தான் கீழே இறக்குவார்கள். அவசரப்பட்டால் நடுவில் வேறு படிகம் முளைத்து பீஸ் ஸ்கிராப். இதைச் செய்யும் ஃபவுண்டரிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான்.

அப்புறம், ஏற்கெனவே பறக்கும் இன்ஜின்களின் சர்வீஸுக்கும் இதே பாகங்கள் வேண்டும். தன் இன்ஜின்களின் சுழலும் டிஸ்க்குகளைச் செய்த உலோகப் பொடியில் குறை இருப்பதாக இன்னொரு இன்ஜின் நிறுவனமான பிராட் அண்ட் விட்னி 2023இல் அறிவித்தது. நம்ம இண்டிகோ விமானங்களும் தரையில் நின்றன. வரும் புது டிஸ்க் புது இன்ஜினுக்கா, நிற்கும் விமானத்துக்கா என்று இழுபறி.

லீப்பின் எரிபொருள் நாசில் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) முனையை முப்பரிமாண அச்சில் செய்கிறார்கள். முன்பு 20 துண்டுகளைச் சேர்த்துச் செய்தது இப்போது ஒரே துண்டு. ஆனால் எல்லாப் பாகத்துக்கும் இது ஆகாது.

புதுச்சேரி, கடலூர் பட்டறைகளுக்கு என் யோசனை: நேராகப் பறக்கும் பாகத்தில் கை வைக்க வேண்டாம். ஃபிக்ஸ்சர் (பீஸைப் பிடித்து வைப்பது), கேஜ் (அளவு சரிபார்ப்பது), அசெம்பிளி ஸ்டாண்ட் மாதிரி வேலைகளைப் பிடியுங்கள். அங்கீகாரத் தொல்லை குறைவு, பணமும் சீக்கிரம் கைக்கு வரும்.