ப்யூரி ரோடு பிடிக்காதவருக்கு: இரண்டாம் பாகம் மட்டும் போதும்

அண்ணே, 2015-இல் மதுரைக்கு வந்து 'மேட் மேக்ஸ்' வரிசையின் நான்காம் படமான ப்யூரி ரோடு பார்த்து, 'ஒரே துரத்தல், மேக்ஸுக்குக் கதையே இல்லை' என்று கடுப்பானதாகவும், இப்போது அதன் முன்கதைப் படமான ப்யூரியோசாவுக்கு முன்னால் பழைய மூன்று மேட் மேக்ஸ் படங்களையும் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 1981-இல் வந்த இரண்டாம் பாகம் போதும்.

அதிலும் மேக்ஸ் வாய் திறப்பதே அபூர்வம். யாரோ ஊராருக்காக டேங்கர் லாரி ஓட்டிக் கொடுத்துவிட்டு, அவர்களோடு சேராமல் தனியாக நின்றுவிடுவான், அதுதான் அவன் கதை. அவன் காலில் ஓர் இரும்புப் பட்டை இருக்கும், கவனியுங்கள். 1979 படத்தில் முட்டியில் குண்டு வாங்கியதன் மிச்சம் அது. ப்யூரி ரோடிலும் மாட்டியிருப்பான், ஒருத்தரும் விளக்க மாட்டார்கள். நமத்த தோட்டா புஸ்ஸென்று போவதும் ரெண்டு படத்திலும் உண்டு. (அப்புறம், முதல் பட வில்லனும் ப்யூரி ரோடு வில்லன் இம்மார்ட்டன் ஜோவும் ஒரே நடிகர், ஹ்யூ கீஸ்-பைர்ன்.)

1985 படத்தைத் தாராளமாக விடுங்கள், பிள்ளைகள் வரும் பாதி ரொம்ப இழுவை.

ப்யூரியோசா முடிகிற இடத்தில்தான் ப்யூரி ரோடு தொடங்குகிறது, அதனால் ப்யூரி ரோடைக் கடைசியாகப் போடுங்கள். அது மேக்ஸ் கதை இல்லை, ப்யூரியோசா என்ற பெண்ணின் கதை என்பது அப்போது தானாகப் பிடிபடும். போனில் மட்டும் பார்க்காதீர்கள், உசிலம்பட்டியில் கரண்ட் போகாத ராத்திரியாகப் பார்த்து டிவியில் போடுங்கள்.