சான்றிதழ்க் கோப்பைத் திறந்து பார்த்தபின் சேர்வரில் ஏற்றுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையிலுள்ள எமது புடவைக் கடையின் இணையத்தளத்தை விண்டோஸ் சேர்வரிலிருந்து லினக்ஸில் இயங்கும் என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சேர்வர் மென்பொருளுக்கு மாற்றுகிறோம். பிஎஃப்எக்ஸ், சிஇஆர், பி7பி என மூன்று சான்றிதழ்க் கோப்புகள் உள்ளன. எதைக் கொடுத்தாலும் என்ஜின்எக்ஸ் ஏற்க மறுக்கிறது. எதைப் பயன்படுத்துவது?

பதில்: உங்களுக்குத் தேவையானது பிஎஃப்எக்ஸ் கோப்பு. ஆனால் அதை அப்படியே கொடுக்க முடியாது.

தளத்தின் அடையாளத்தை பிரவுசருக்கு உறுதிப்படுத்தும் சான்றிதழில் என்னென்ன விபரங்கள் இருக்க வேண்டும் என்பதை எக்ஸ்.509 என்ற தரநிலை வரையறுக்கிறது. அவ்விபரங்களை பைனரியாக எழுதினால் அது டெர் வடிவம். அதே பைட்டுகளை பேஸ்64 முறையில் எழுத்துகளாக்கி, தலையிலும் அடியிலும் ‘பிகின்’, ‘எண்ட்’ என்ற வரிகளைச் சேர்த்தால் அது பெம் வடிவம். என்ஜின்எக்ஸ் பெம் வடிவத்தையே எதிர்பார்க்கிறது. சிஇஆர் என்ற பின்னொட்டோ இரண்டுக்கும் வழங்குவதால், அதை நம்பாமல் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் ஐந்து சிறுகோடுகளை அடுத்து ‘பிகின் சேர்ட்டிபிகேட்’ என்றும், இரண்டாம் வரி எம், ஐ, ஐ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்குவதாகவும் இருந்தால் அது பெம். வாசிக்கவே முடியாத குறிகள் தெரிந்தால் பெரும்பாலும் டெர்.

பி7பி கோப்பில் சான்றிதழும், அதை வழங்கிய நிறுவனத்தை உறுதிப்படுத்தும் இடைநிலைச் சான்றிதழ்களும் இருக்கும். சேர்வரில் இரகசியமாக இருக்க வேண்டிய தனித் திறவுகோல், அதாவது பிரைவேட் கீ, இருக்காது. ஆகவே அதை மட்டும் வைத்துத் தளத்தை இயக்க முடியாது.

பிஎஃப்எக்ஸ் என்பது சான்றிதழையும் தனித் திறவுகோலையும் சேர்த்துக் கடவுச்சொல்லால் பூட்டிய பொதி. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியின் பிகேசிஎஸ்12 கட்டளையால் அதிலிருந்து சான்றிதழ்களை ஒரு கோப்பாகவும் திறவுகோலை இன்னொரு கோப்பாகவும் பிரித்தெடுங்கள். பழைய விண்டோஸில் உருவான பொதியை ஓப்பன்எஸ்எஸ்எல் 3 திறக்க மறுத்தால், ‘லெகசி’ என்ற தெரிவைச் சேர்த்துப் பாருங்கள். பழைய குறியாக்க முறைகளை அப்பதிப்பு இயல்பாக ஏற்பதில்லை.

சான்றிதழ்க் கோப்பில் வரிசை மிக முக்கியம். உங்கள் தளத்தின் சான்றிதழ் முதலிலும் இடைநிலைச் சான்றிதழ்கள் அதன் கீழும் வர வேண்டும். மாறினால், திறவுகோல் பொருந்தவில்லை என்று கூறி என்ஜின்எக்ஸ் தொடங்காது. இடைநிலைச் சான்றிதழ் விடுபடுவது இதைவிடத் தொல்லையானது, ஏனெனில் அப்போது என்ஜின்எக்ஸ் எதுவும் சொல்லாது. சில பிரவுசர்கள் விடுபட்டதைத் தாமே தேடிக்கொள்வதால் உங்கள் கணினியில் தளம் ஒழுங்காகத் திறக்கும். வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியிலோ பாதுகாப்பற்ற தளம் என்ற எச்சரிக்கை வரலாம். எனவே தளத்தைத் தொலைபேசியிலும் திறந்து சோதியுங்கள்.

பிரித்தெடுத்த திறவுகோலுக்குக் கடவுச்சொல் இல்லாமலிருக்கலாம் என்பதால், ரூட் எனும் நிர்வாகப் பயனர் மட்டும் வாசிக்கும்படி அதன் அனுமதியை 600 ஆக்குங்கள். வடிவம் மாற்றித் தரும் இணையத்தளங்களில் அதை ஏற்றவே வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், புதிய திறவுகோலை உருவாக்கி அதற்குப் புதிய சான்றிதழ் பெற்று, பழையதை இரத்துச் செய்யுமாறு வழங்கிய நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள்.