டச்சுக் கூட்டுச்சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

டச்சுக் கூட்டுச்சொற்களில் எப்போதும் முதல் அசையில்தான் அழுத்தம் என்கிறார்களே?

முதல் அசையில் அன்று, முதல் உறுப்புச் சொல்லில். 'ஃபீட்ஸ்' (மிதிவண்டி) ஓரசைச் சொல். ஆகவே 'ஃபீட்ஸ்பத்' (மிதிவண்டிப் பாதை) தொடக்கத்திலேயே அழுத்தம் பெறும். 'ஸ்டாஷொன்' (ரயில் நிலையம்) தனியே நின்றாலும் 'ஷொன்' மேல்தான் அழுத்தம்; 'ஸ்டாஷொன்ஸ்ப்ளெய்ன்' (நிலையச் சதுக்கம்) ஆனபோதும் அது அங்கேயே இருக்கும். முரண்டு பிடிக்கும் சொற்களும் உண்டு: 'ஸ்டத்ஹௌஸ்' (நகர மன்றம்), 'நியுயார்' (புத்தாண்டு) இரண்டும் பின்பகுதியில் அழுத்தம் பெறும். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போன்ற ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வரி முடிவில் சொல்லை எங்கே உடைப்பது?

உறுப்புச் சொற்கள் சேரும் இடமே முதல் உரிமை பெறும். 'க்வார்ட்' (கால் பங்கு) + 'ஸ்லாகன்' என்று பிரித்தால் கால் சுற்றுகள். 'க்வார்ட்ஸ்' + 'லாகன்' என்று பிரித்தால் குவார்ட்ஸ் கல் அடுக்குகள். எழுத்து ஒன்றே. நம் இலக்கணம் பொதுமொழி என்று சொல்லும் 'வேங்கை'யைப் போல: சேர்ந்தால் விலங்கு, பிரிந்தால் வேகும் கை. பொருள் தெரியாத கணினி இங்கே தவறாக உடைப்பதில் வியப்பில்லை.

அழுத்தம் மாறினால் பொருளும் மாறுமா?

மாறும். தமிழர் கவனம் வைக்க வேண்டிய இடம் இதுதான், ஏனெனில் தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. 'வோர்கோமன்' என்ற வினையை 'வோர்' மேல் அழுத்தினால் 'நிகழ்தல்'; 'கோ' மேல் அழுத்தினால் 'தடுத்தல்'. இலக்கணமும் கூடவே மாறும். அழுத்தம் பெற்ற முன்னொட்டு கழன்று வாக்கிய இறுதிக்குப் போய்விடும்: 'ஹெட் கொம்ட் வோர்' (அது நிகழ்கிறது). அழுத்தம் பெறாதது ஒட்டியே நிற்கும்: 'இக் வோர்கொம் ஹெட்' (நான் அதைத் தடுக்கிறேன்). எனவே புதிய வினையைக் கற்கும்போது பொருளோடு அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் குழப்பம் வருமிடத்தில் டச்சுக்காரர்களே உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இடுவார்கள்.

சில கூட்டுச்சொற்களின் நடுவே இணைப்புக்கோடு ஏன்?

உயிர்கள் மோதிக் குழப்புவதால். 'ஸே' (கடல்) + 'ஏன்ட்' (வாத்து) சேரும்போது ஒரே உயிரெழுத்து நான்கு முறை அடுத்தடுத்து வரும். முன்பு மூன்றாவதன் தலையில் இரு புள்ளிகள் இட்டார்கள். 1995 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் கூட்டுச்சொற்களில் இணைப்புக்கோடு. முன்னொட்டுச் சொற்களில் புள்ளிகள் இன்றும் உண்டு.