மூன்று லேப்டாப்பும் வேலூர் வெயிலும்

கேள்வி: என் மகள் காட்பாடியில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறாள், ஹாஸ்டல். நாலு வருடம் உழைக்கிற மாதிரி ஒரு நல்ல லேப்டாப் வாங்க வேண்டும். மேக்புக் ஏர்தான் வேண்டும் என்கிறாள். என் தம்பி டெல் எக்ஸ்பிஎஸ் 13 என்கிறான். ஆபீஸில் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனுக்கு மிஞ்சியது இல்லை என்கிறார்கள். எதை வாங்கட்டும்? – குடியாத்தம் வாசகர்

பதில்: கடைக்குப் போகும் முன் சிலபஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெக்கானிக்கல் என்றால், இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் வர வாய்ப்பு அதிகம். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும், ஆப்பிளின் மேக்கில் ஓடாது. முன்பு இன்டெல் சிப் போட்ட மேக்கில் ஆப்பிளே தந்த பூட்கேம்ப் என்ற வசதி வழியாக விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள்; 2020இல் ஆப்பிள் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியதும் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

மேக்புக் ஏர் நல்ல பொருள்தான். 13 இன்ச் மாடல் 1.24 கிலோ, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், சத்தமே வராது. சத்தம் வராததற்குக் காரணம், உள்ளே ஃபேன் கிடையாது. சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 35 டிகிரி வரையான அறையில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் ஹாஸ்டல் அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தால் அவள் பக்கம் நின்றிருப்பேன்.

எக்ஸ்பிஎஸ் அழகு. ஆனால் 2022 முதல் 2024 வரை வந்த மாடல்களில் இரண்டே டைப்-சி போர்ட். ஹெட்போன் குத்தக்கூட ஓட்டை இல்லை. இன்டெல்லுக்குப் பதிலாக, செல்போன்களில் வருகிற ஸ்னாப்டிராகன் வகை சிப் போட்டதும் இதே பெயரில் வந்திருக்கிறது. விண்டோஸ்தானே என்று அதை வாங்கிவிடாதீர்கள், பொறியியல் மென்பொருள் பல அதில் தகராறு செய்யும்.

என் ஓட்டு திங்க்பேடுக்கு. கீபோர்டு அருமை, பென்டிரைவ், எச்டிஎம்ஐ எல்லாம் நேராகச் செருகலாம். எக்ஸ்1 விலை கையைக் கடித்தால் அதே குடும்பத்து டி14 போதும், கொஞ்சம் கனம், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: நீங்கள் கேட்ட மூன்றிலும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. சின்னச் சின்ன பாகங்கள் வரையலாம், பல பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் பெரிய அசெம்பிளி என்றால் திணறும். ரேமும் போர்டோடு ஒட்டியே வருகிறது, அப்புறம் கூட்ட முடியாது. எடுக்கும்போதே 16 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் சர்வீஸ். நான் ஒருமுறை விலை உயர்ந்த லேப்டாப் ஒன்றை வாங்கிவிட்டு, ஸ்கிரீன் போனதும் சென்னைக்கு அனுப்பிப் பத்தொன்பது நாள் காத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுக்கிற வாரண்டி என்று அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததை அன்றுதான் படித்தேன். ஆகவே இடத்துக்கே ஆள் வந்து சரிசெய்யும் ஆன்-சைட் வாரண்டியாகப் பார்த்து, மூன்று வருடத்துக்கு எடுங்கள். குடியாத்தம் பின்கோடைச் சொல்லி விசாரிக்காதீர்கள். லேப்டாப் இருக்கப்போவது ஹாஸ்டலில், அந்தப் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கேளுங்கள்.

பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆன்லைனில் எந்த ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.