கணவரின் ரிப்போர்ட் எங்கே? குழந்தையின்மை குறித்த கேள்வி-பதில்

இந்த மாதமும் ஸ்கேன் நகல்கள் கட்டுக் கட்டாக வந்திருக்கின்றன. எல்லாம் மனைவியுடையவை. கணவரின் விந்தணுப் பரிசோதனை அறிக்கையை இணைத்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பலர் வயதைக்கூட எழுதவில்லை. ஜோசியருக்கு எழுதும்போது நட்சத்திரம், பாதம் வரை நினைவிருக்கிறது. எனக்கு எழுதும்போது வயது மறந்துவிடுகிறது.

வயது 24. மாதவிலக்கு சீராக இருக்கிறது. திருமணமாகி எட்டு மாதம். "விசேஷம் உண்டா?" என்று மாமியார் மாதந்தோறும் கேட்கிறார். டாக்டரைப் பார்க்க வேண்டுமா? (வாசகி, தேனி)

இப்போது வேண்டாம். ஓர் ஆண்டு சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால் இருவரும் வாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே வர வேண்டும். கணவர் துபாயிலும் நீங்கள் தேனியிலுமாக இருந்த மாதங்கள் ஏதாவது உண்டென்றால், அவை இந்தக் கணக்கில் சேராது. ஃபோலிக் அமில மாத்திரையை இன்றே தொடங்கலாம்.

ஏ.எம்.ஹெச். 1.2. ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) ஒன்றுதான் வழி என்கிறார்கள். சரியா? (வாசகர், சேலம்)

யாருக்கு 1.2? உங்கள் மனைவிக்கு என்று வைத்துக்கொள்கிறேன். வயது 26-ஆ, 41-ஆ? மாதவிலக்கு எப்படி? உங்கள் ரிப்போர்ட் எங்கே? ஏ.எம்.ஹெச். என்பது முட்டைகளின் இருப்பைக் காட்டும் ஒரு தோராயக் கணக்கு. முட்டையின் தரத்தையோ, இயற்கையாகக் கருத்தரிக்குமா என்பதையோ அது சொல்லாது. ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஐ.வி.எஃப். தேதி குறிப்பவரிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

வயது 31. திருமணமாகி ஆறு ஆண்டுகள். ஹெச்.எஸ்.ஜி. (கருக்குழாய் எக்ஸ்ரே) இரண்டு முறை, லேப்ராஸ்கோப்பி ஒரு முறை, முட்டை வளர மாத்திரை எட்டு மாதம். எனக்கு எல்லாம் நார்மல். கணவரைப் பரிசோதிக்கலாம் என்றால், "எங்கள் பரம்பரையில் அந்தக் குறை கிடையாது" என்கிறார் மாமியார். கணவர் வாய் திறப்பதில்லை. அடுத்து நான் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

நீங்கள் ஒன்றும் எடுக்க வேண்டாம். அவர் ஒரு சின்ன டப்பாவில் மாதிரி கொடுக்கும் வரை உங்கள் உடம்பில் இனி ஓர் ஊசிகூட இறங்கக் கூடாது.

உங்களை மயக்கத்தில் ஆழ்த்தி, வயிற்றில் துளையிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவருக்குச் செய்ய வேண்டியதில் ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. செலவும் சில நூறு ரூபாய்தான். இரண்டிலிருந்து ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். லேபில் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே எடுத்து, சட்டைப் பையில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வந்தவரையும் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மில்லியில் 1.6 கோடிக்கு மேல் விந்தணு இருந்தால் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். குறைந்திருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகிறது. நடுவில் வந்த ஒரு கடும் காய்ச்சல்கூடக் கணக்கைக் கீழே இறக்கிவிடும்.

பரம்பரைக்கு வருவோம். மாமனாருக்குப் பிள்ளை பிறந்தது அவருடைய விந்தணுவால். விரைப்பையில் ரத்தக்குழாய் வீங்குவதும், இளவயதில் வந்த பொன்னுக்கு வீங்கி விரையைத் தாக்குவதும் குலம் கோத்திரம் கேட்டு வருவதில்லை. ஆண்மை வேறு, விந்தணு வேறு என்பதையும் யாராவது உங்கள் கணவரின் காதில் போட வேண்டும். தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத ஆணுக்கு எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கலாம். பூஜ்யம் என்றாலும் கதை முடிந்துவிடாது. பாதையில் அடைப்பு என்றால் விரையிலிருந்தே எடுத்து, இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். 1992-லிருந்து உலகம் செய்துவரும் சிகிச்சை இது.

உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. இருந்தும் "மலடி" என்ற சொல் புழங்கும் அளவுக்கு "மலடன்" புழங்குகிறதா? என் சக மருத்துவர்களையும் விட்டுவைக்க மாட்டேன். ஃபைலில் மனைவியின் பெயரை மட்டும் எழுதி, ஆறு மாதம் மாத்திரை கொடுத்த பிறகு "கணவர் வந்திருக்கிறாரா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வந்தாள். ஒன்பது வருடம் அரசமரம் சுற்றியவள். திருக்கருகாவூர் நெய்யும் வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை, லேபுக்கும் போய்விட்டுப் போங்கள் என்பேன். கணவரின் எண்ணிக்கை பூஜ்யம். "இது வெளியே தெரிய வேண்டாம் டாக்டர், குறை என்னிடமே இருக்கட்டும்" என்றாள். ஊர் கடைசி வரை அவளைத்தான் சொன்னது.

நீங்கள் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். மாமியார் இல்லாமல் இருவரும் டாக்டரிடம் போங்கள். கணவரிடம் டாக்டரே தனியாகப் பேசட்டும். எல்லா ரிப்போர்ட்டுகளின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்; இல்லையென்றால் மூன்றாவது ஹெச்.எஸ்.ஜி.க்கும் எழுதுவார்கள்.

மருமகள் ஐந்து வருடமாக உண்டாகவில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா? விவாகரத்து கிடைக்குமா? (வாசகி, மதுரை)

குழந்தை இல்லை என்பதை விவாகரத்துக்கான காரணமாக இந்து திருமணச் சட்டம் ஏற்கவில்லை. மனைவி இருக்கும்போதே இன்னொரு தாலி கட்டினால் ஏழு ஆண்டு வரை சிறை. மருமகளைக் குறிக்க உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் ஒரு சொல் இருந்தது, ஆசிரியர் அடித்துவிட்டார். குழந்தை இல்லை என்று ஒரு பெண்ணை இழிவாகப் பேசுவது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வன்முறை என்றே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மருமகள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். மகனுக்குப் பரிசோதனை ஆயிற்றா?

உடற்பயிற்சிக்கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கும் நல்லதுதானே? (வாசகர், கோவை)

விந்தணு உற்பத்தியையே அது நிறுத்திவிடும். ஊசியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியாளரைப் பார்த்தது போதும்.

நகையை விற்று ஐ.வி.எஃப். செய்யப் போகிறோம். நிச்சயம் பலன் உண்டா? (வாசகி, நாகர்கோவில்)

"நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முட்டைக்குரியவர் 35-க்குக் கீழ் என்றால் ஒரு முறைக்கு மூன்றில் ஒருவருக்குக் கிடைக்கும். 40-ஐத் தாண்டினால் பத்தில் ஒருவர். சொல்லும் தொகையில் ஊசி மருந்து அடக்கமா, 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அந்த மையம் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். நகையை விற்குமுன் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

கருமுட்டை கொடுத்தால் பணம் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். வருடத்துக்கு எத்தனை முறை கொடுக்கலாம்? (வாசகி, ஈரோடு)

வாழ்நாளில் ஒரு முறை. வயது 23-லிருந்து 35-க்குள். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, ஓராண்டுக் காப்பீடும் தர வேண்டும். விலை பேசி விற்பது குற்றம். 2022-இல் உங்கள் ஊரிலேயே 16 வயதுச் சிறுமிக்கு ஆதாரில் வயதைக் கூட்டி முட்டை எடுத்தார்கள், அதற்குள் மறந்துவிட்டதா?

நாத்தனார் வளைகாப்புக்கு அழைத்துவிட்டு, "நீ வளையல் அடுக்க வேண்டாம்" என்கிறார்கள். போகவா? (வாசகி, தஞ்சாவூர்)

இது மருத்துவக் கேள்வி இல்லை. என் சித்திக்குக் குழந்தை இல்லை; எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் அவர் அடுப்படியிலேயே நின்றார். என் வளைகாப்பில் முதல் வளையலை அவர்தான் போட வேண்டும் என்று நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாட்டி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அன்றைக்குப் பிள்ளைத்தாய்ச்சியின் பேச்சை யாரும் மீறுவதில்லை. உங்கள் நாத்தனாரிடமே பேசிப் பாருங்கள்.

தத்தெடுத்தால் பிறகு சொந்தக் குழந்தை தானாக உண்டாகுமாமே? (வாசகர், திருச்சி)

தத்துப்பிள்ளை மாத்திரை இல்லை. அந்தக் குழந்தையே வேண்டும் என்றால் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சில ஆண்டுகள் காத்திருக்க நேரும். இந்த எண்ணத்தோடு என்றால் பதிவு செய்யாதீர்கள்.

உறவுக்குப் பின் மனைவி காலை உயர்த்தி அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

தேவையில்லை. விந்தணுவுக்கு வழி தெரியும். அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா?