பாறை படித்தால் எங்கே போவது?

போன முறை நிலவியல் மாணவர் ஒருவருக்கு இரண்டு வரி பதில் எழுதியதோடு சரி, அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பகுதி முழுக்க ஜியாலஜிக்காரர்களுக்கு.

கேள்வி: இரண்டாம் ஆண்டு நிலவியல் படிக்கிறேன். யாரைக் கேட்டாலும் ‘ஒன்று சுரங்கம், இல்லாவிட்டால் பெட்ரோல்’ என்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்றால் படிப்பு வீணா?

பதில்: வீண் இல்லை. ஆனால் இரண்டையும் இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள், நல்ல சம்பளம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த வேலைகள் எண்ணெய் விலையையும் உலோக விலையையும் பிடித்துக்கொண்டே ஏறி இறங்கும். 2014 நடுவில் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அப்போது நிறுவனங்கள் முதலில் கைவைத்த செலவுகளில் ஒன்று புதிய இடங்களில் எண்ணெய் தேடுவது. தேடும் வேலையில் இருப்பது யார்? நம் ஆட்கள்தான்.

எண்ணெய் விலை விழுந்தாலும் யாரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தப் போவதில்லை, அதனால் நிலத்தடி நீர்ப் பக்கம் வேலை கொஞ்சம் நிதானமாக ஓடும். ஒரு கிணற்றில் பம்பை ஒரே சீராக ஓடவிட்டு, பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் எந்த வேகத்தில் இறங்குகிறது என்று ராத்திரி பகல் பார்க்காமல் அளந்து, அந்தப் பாறையால் எவ்வளவு தண்ணீர் கொடுக்க முடியும் என்று கணக்குப் போடுவார்கள். 1935-ல் தைஸ் என்ற அமெரிக்கர் போட்டுக் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. பூமிக்கடியில் பெட்ரோல் தொட்டி கசிந்தால் அந்த அழுக்கு எந்தத் திசையில் நகரும் என்று சொல்வதும் இதே ஆட்கள்தான்.

அப்புறம் அணை, சுரங்கப்பாதை, பாலம் கட்டுகிற இடங்கள். கலிஃபோர்னியாவில் செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச்சில் நள்ளிரவை ஒட்டி உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அணையின் ஒரு கரை பழைய மண்சரிவின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொரு கரையில் இருந்த செந்நிறப் பாறை காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும், ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்து சேறாகிவிடும். தண்ணீர் தேக்குகிற அணைக்கு அப்படி ஒரு அஸ்திவாரம்! அந்த டம்ளர் சோதனையைக் கட்டுவதற்கு முன்னால் செய்யச் சொல்வதற்காகத்தான் பொறியியல் நிலவியல் படித்தவருக்கு இன்றைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

புதுசாக வருகிற வேலைகளும் உண்டு. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996-லிருந்து கரியமில வாயுவைக் கடலுக்கடியில் உள்ள மணற்கல் அடுக்குக்குள் செலுத்துகிறார்கள். பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்க 400 மீட்டருக்கும் கீழே பழைய கடினப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். எண்ணெய் எங்கே தங்கும் என்று தேடப் படித்தவருக்கு, வாயு எங்கே தங்கும் என்று தேடுவது பெரிய தாவல் இல்லை. ஒரு துறையில் கதவு மூடினால் இன்னொன்றில் நுழையத் தோதான ஆளாக இருங்கள், அது போதும்.

கேள்வி: எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதே, பைத்தான் படித்தால் போதாதா? பாறையைத் தொட்டே ஆகவேண்டுமா?

பதில்: பைத்தானும் படியுங்கள், கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டு அலசுகிற ஜிஐஎஸ்ஸும் படியுங்கள், வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான். ஆனால் கம்ப்யூட்டருக்குள் போகிற எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

துளை போட்டு எடுத்த பாறைத் தண்டை, களத்தில் கோர் என்பார்கள், பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரால் நனைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று சோதித்து, எழுதிக்கொண்டே போகவேண்டும். 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் அந்தப் பாறை எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரு சதவீதம் கிடைக்கும். ஆர்க்யூடி என்பது அதுதான். சின்னப் பையன்கூடக் கூட்டிவிடுவான். ஆனால் இந்த இடத்தில் தண்டு உடைந்திருப்பது துளைக்கும்போது இயந்திரம் உடைத்ததா, பூமிக்குள்ளேயே விரிசலாக இருந்ததா? இயந்திரம் உடைத்தது என்றால் உடைந்த முகம் புதுசாக, சொரசொரப்பாக இருக்கும், அதைச் சேர்த்து ஒரே துண்டாக எண்ணவேண்டும். உள்ளேயே இருந்த விரிசல் என்றால் துருக்கறையோ களிமண் பூச்சோ பெரும்பாலும் தென்படும். இதைத் தப்பாகப் பிரித்தால் நல்ல பாறை மோசமாகிவிடும், மோசமான பாறை நல்லதாகிவிடும், அப்புறம் எவ்வளவு அழகான மாடல் போட்டாலும் குப்பைதான். கல்லூரியிலேயே கோர் பெட்டி இருந்தால் போய் உட்காருங்கள்.

கேள்வி: எனக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிரமம். நிலவியல் சேரலாமா?

பதில்: சேரலாம். கனிமத்தை அடையாளம் காணும் பல வழிகளில் நிறமும் ஒன்று, அவ்வளவுதான், அதுவும் அவ்வளவு நம்பகமான வழி இல்லை. குவார்ட்ஸ் ஒன்றே எத்தனை நிறத்தில் வருகிறது! கடினத்தன்மை, பிளவு, படிக வடிவம், எடை, அமிலச் சோதனை எதற்கும் நிறம் தேவையில்லை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது நிறங்களை வைத்துப் பதில் எழுதும் செய்முறைத் தேர்வு உங்களைப் படுத்தும், ஆகவே ஆசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். நில அதிர்வு அலைகள், காந்தப்புலம், ஈர்ப்பு அளவீடு என்று புவி இயற்பியல் பக்கம் போனால் திரையில் வண்ணங்களை உங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளலாம். சுரங்க வேலைக்குப் போவதானால் மட்டும், சில நிறுவனங்களில் மருத்துவப் பரிசோதனையில் இதைப் பார்ப்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜியாலஜி படித்தவர் யாராவது நிலாவுக்குப் போயிருக்கிறார்களா?

பதில்: ஒரே ஒருவர். ஹாரிசன் ஷ்மிட், அப்போலோ 17, 1972 டிசம்பர். அங்கே ஆரஞ்சு நிற மண்ணைப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தம் பிரசித்தம். பழைய எரிமலை பீய்ச்சிய கண்ணாடி மணிகள் அவை.

கேள்வி: பட்டம் முடித்ததும் வேலையா, மேற்படிப்பா?

பதில்: எண்ணெய் நிறுவனங்களில் பாறையை ஆராய்ந்து முடிவு சொல்கிற வேலைக்கு முதுகலை இல்லாமல் நுழைவது கஷ்டம். சுரங்கம், துளையிடும் தளம் என்றால் இளங்கலையோடு போகலாம். என்னைக் கேட்டால் ஒன்றிரண்டு வருடம் களத்தில் இருந்துவிட்டுப் படிக்கப் போவது நல்லது, எதைப் படிக்கவேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். இந்தோனேசியாவின் புசாங்கில் மலையளவு தங்கம் இருப்பதாகச் சொன்ன பிரே-எக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் மோசடி 1997-ல் வெளிப்பட்டது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருந்தார்கள். வழக்கமாகப் பாறைத் தண்டை நெடுக்காகப் பிளந்து பாதியைப் பத்திரப்படுத்துவார்கள், அங்கே கிட்டத்தட்ட முழுசையும் நொறுக்கிவிட்டதால் திரும்பச் சரிபார்க்க அதிகம் மிஞ்சவில்லை. அதன்பிறகு கனடா 2001-ல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் கனிம இருப்பை எப்படி அறிவிக்கவேண்டும் என்று சொல்கிற ஜோர்க் விதி அதற்கு முன்பே இருந்தது. அதன்படி கனிம இருப்பு அறிக்கைக்குப் பொறுப்பேற்பவர் அந்த வகைக் கனிமத்தில் குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ளவராகவும், அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பில் உறுப்பினராகவும் இருக்கவேண்டும். இந்தத் தகுதியை எந்தப் பட்டமும் வாங்கித் தராது. சீக்கிரம் களத்துக்குப் போனால் அந்த ஐந்து வருடம் சீக்கிரம் ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி: மகளுக்குக் கனிமத் தேடல் முகாமில் வேலை வந்திருக்கிறது. காட்டுக்குள் வாரக்கணக்கில் இருக்கவேண்டுமாம். அனுப்ப பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயம்தான் அம்மா, ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நிறுவனத்திடம் கேட்கவேண்டியதைக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை வாரம் களம், எத்தனை வாரம் விடுப்பு? முகாமில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, தங்கும் அறையும் கழிப்பறையும் தனியா? தனியாகக் காட்டுக்குள் அனுப்புவார்களா, இரண்டு பேராகவா? சாட்டிலைட் போன் உண்டா, அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு எதில், எத்தனை மணி நேரத்தில் போவார்கள்? ஒழுங்கான நிறுவனம் இதையெல்லாம் எழுத்திலேயே வைத்திருக்கும். மழுப்பினால் அந்த வேலை உங்கள் மகனுக்கும் வேண்டாம். பதில் சரியாக இருந்தால், முடிவை மகளிடம் விடுங்கள்.